முந்நூற்று அறுபது அடி

செப்டம்பர் 1, ஞாயிறு

முத்துக்குமரேசன் வீட்டில் புது ‘நைன் மைல் வெல்’ பார்த்தேன், பழைய இங்கிலீஷ் படத்தை மறுபடி எடுத்திருக்கிறார்கள். இரண்டு மணி இருபது நிமிடம். நாற்காலியில் உட்காரவே முடியவில்லை. நான்கு தடவை எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தேன். ஐந்தாவது தடவை அவன் மனைவி சொம்பையே கொண்டுவந்து என் பக்கத்தில் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

முத்துக்குமரேசன் இங்கே பாளையங்கோட்டையில் கல்லூரி வாத்தியார், எங்கள் திரைப்பட வட்டத்தின் செயலாளர். வட்டம் என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை. முப்பது பேர், ஒரு புரொஜெக்டர், ஒரு வாட்ஸப் குழு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை எட்டுப் பக்க மடல். பதினைந்தாம் தேதி பழைய படத்தையும் புதுப் படத்தையும் அடுத்தடுத்துப் போடுகிறார்கள். அதற்கு முன்னால் இரண்டையும் ஒப்பிட்டு நான் ஒரு கட்டுரை எழுத வேண்டும். என்னை ஏன் கேட்கிறான் என்றால், 1972-இல் அந்தப் படம் ஜங்ஷன் பக்கத்து தியேட்டரில் மூன்று வாரம் ஓடியபோது நான்தான் ஆப்பரேட்டர். எண்பத்து மூன்று காட்சி. பழைய படத்தின் டிஸ்க் சென்னையிலிருந்து வர வேண்டுமாம். எனக்கு டிஸ்க் எதற்கு என்றேன்.

கதை இதுதான். ஹார்லன், வேட் என்று இரண்டு கூட்டாளிகள். பாலைவனத்தில் ஒரு கிணற்றடியில் ஹார்லனுக்குக் கால் ஒடிந்துவிடுகிறது. இருப்பதோ ஒரே குதிரை. மூன்றாம் நாள் வந்துவிடுகிறேன் என்று சொல்லி வேட் அதில் ஏறிப் போகிறான். பழைய படத்தில் அவன் வர மாட்டான். ஹார்லன் கிணற்றுச் சுவரில் சாய்ந்து தூரத்தையே பார்த்துக்கொண்டிருப்பான். தொப்பி நழுவும். படம் முடிந்தது. புதுப் படத்தில் பாவிகள் வேட் திரும்பி வருகிற மாதிரி வைத்துவிட்டார்கள். வந்து கட்டிப்பிடித்து, இரண்டு தடிமாடுகளும் அழுது, அதற்கு நூறு வயலின் வேறு.

வீட்டுக்கு வந்தால் ரூபி இருட்டில் உட்கார்ந்திருக்கிறாள். லைட்டைப் போட்டாலும் போடாவிட்டாலும் அவளுக்கு ஒன்றுதான். இரண்டு கண்ணிலும் புரை. வியாழக்கிழமை வலது கண்ணுக்கு ஆபரேஷன்.

“ஆபரேசனுக்கு முன்னால சுகந்திய ஒரு எட்டு பாத்துட்டா தேவல,” என்றாள். “ஏதாச்சும் ஆயிட்டா?”

“கண் ஆபரேசன்ல என்ன ஆவும்? பத்து நிமிசத்து வேல.”

“நீங்க போயிக் கூப்பிட்டா வருவா.”

“போனவ அவ. வரணும்னா அவதான் வரணும்.”

சுகந்தி எங்கள் ஒரே மகள். பத்தொன்பது வருடமாகத் தூத்துக்குடியில் இருக்கிறாள். பஸ்ஸில் ஒரு மணி நேரம்.

செப்டம்பர் 2, திங்கள்

ரூபிக்கு ரத்தப் பரிசோதனை. நாற்பது நிமிடம் வரிசையில் நின்றோம். பிற்பகல் கட்டுரையை ஆரம்பித்தேன்.

பழைய படத்தில் முதல் எட்டு நிமிடம் ஒருவரும் பேச மாட்டார்கள். குதிரை மூச்சு விடும், சேணம் கிறீச்சிடும், அவ்வளவுதான். புதுப் படத்தில் எடுத்த எடுப்பிலேயே ஒரு குரல் வந்து, யார் யாருக்கு என்ன உறவு, யாருக்கு என்ன கவலை என்று ஒப்பிக்கிறது. குதிரைகளை ஷாம்பு போட்டுக் குளிப்பாட்டியிருக்கிறார்கள். மூன்று நாள் தண்ணீர் இல்லாதவன் உதடு வெடிக்கவில்லை.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். புதுப் படத்தில் ஒரு பெண் டாக்டர் வருகிறாள். பழையதில் அவள் கிடையாது. நன்றாக நடித்திருக்கிறாள். அவளுக்காக ஒரு பத்தி எழுதினேன், நியாயம் நியாயம்தானே.

செப்டம்பர் 3, செவ்வாய்

குழாயில் தண்ணீர் வரவில்லை. மாடிக்கு ஏழு தடவை ஏறித் தொட்டியைப் பார்த்தேன், பார்த்தால் வந்துவிடும் என்று.

கேஸ்காரன் வந்து கேட்டைத் தட்டினான். “கேட்டுல ஆள் வந்தா எதுக்கு டிவி சத்தத்தக் கூட்டுதீங்க?” என்று ரூபி கேட்டாள். “பதினஞ்சு பதினாறு வருசமா இது என்ன பழக்கம்?”

ரிமோட் என் கையில் இருந்தது எனக்கே தெரியாது.

செப்டம்பர் 4, புதன்

ஆஸ்பத்திரிக்குச் சாப்பாடு கொண்டுபோகப் பாத்திரம் தேடிக்கொண்டிருந்தாள். கண் தெரியாதவள் தேடினால் அடுப்படி என்ன கதி ஆகும். ஒவ்வொன்றாக எடுத்து, தடவிப் பார்த்துக் கீழே வைத்தாள்.

“அந்தச் சின்ன டிபன் பாக்ஸ் இருந்தா கைக்கு அடக்கமா இருக்கும்,” என்றாள்.

“அதுதான் போயிட்டே.”

“தெரியும். சும்மா சொன்னேன்.”

எங்கள் கல்யாணத்துக்கு அவள் சித்தி வாங்கித் தந்த எவர்சில்வர் டப்பா அது. மூடியில் ‘ரூபி தங்கையா’ என்று புள்ளி புள்ளியாகப் பேர் வெட்டியிருக்கும். சுகந்தி வேலைக்குப் போனபோது அதில்தான் மதியச் சாப்பாடு கொண்டுபோவாள். 2005 ஜூலையில் ஒரு திங்கட்கிழமை, எலுமிச்சம்பழச் சாதமும் அவித்த முட்டையும் அடைத்துக்கொண்டு போனவள்தான். சாயங்காலம் பக்கத்து வீட்டுப் போனில் செய்தி வந்தது. ரிஜிஸ்டர் கல்யாணம். மாப்பிள்ளை மாரியப்பன், லாரி மெக்கானிக். எங்களைப் போலக் கிறிஸ்தவன், வேதக்காரன் இல்லை என்பதில் எனக்கு வருத்தமில்லை. ஆப்பரேட்டர் அறைக்குள் எல்லா மதத்துக்காரனோடும் ஒரே தட்டில் தின்றவன் நான். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்பதுதான். காலையில் “போயிட்டு வாரேம்ப்பா” என்றாள். அந்த “வாரேன்” இன்றுவரை காதில் இருக்கிறது.

ஒன்றரை வருடம் கழித்து ரூபி அவளுக்குக் கடிதம் எழுதினாள். ‘ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வா, அப்பா ஒன்றும் சொல்ல மாட்டார்’ என்று. பதிலும் இல்லை, ஆளும் இல்லை. பெற்ற தாய் கூப்பிட்டும் வராதவளை இனி எந்த முகத்தோடு தேடிப் போவது என்று ரூபி அதற்குப் பிறகு எழுதவில்லை. இந்தப் பதினேழு வருடமும் ஒரு தடவையாவது

மேலே கடைசி வரியைப் பாதியில் நிறுத்தி அடித்திருக்கிறேன். எழுத்துப் பிழை.

செப்டம்பர் 5, வியாழன்

ஆபரேஷன் நடக்கவில்லை. சர்க்கரை இருநூற்று அறுபத்தெட்டு. அடுத்த வியாழன் வரச் சொன்னார்கள். சர்க்கரை ஏன் ஏறியது என்று டாக்டர் கேட்டதற்கு, “கவலதான் டாக்டர்,” என்று சொல்லியிருக்கிறாள். எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியாத கோபம், ஆட்டோக்காரனோடு பத்து ரூபாய்க்குச் சண்டை போட்டேன்.

செப்டம்பர் 6, வெள்ளி

கட்டுரையை அனுப்பினேன். கடைசிப் பத்தியை இங்கே எழுதி வைக்கிறேன், எனக்குப் பிடித்திருக்கிறது:

‘பழைய படத்தை எடுத்தவருக்கு நெஞ்சில் உரம் இருந்தது. போனவன் போனவன்தான் என்று சொல்லி விளக்கைப் போட்டு நம்மை வீட்டுக்கு அனுப்பினார். புதியவர் நம்மைக் குழந்தையாக நினைத்து மிட்டாய் கொடுத்து அனுப்புகிறார். கிணற்றடியில் உட்கார்ந்திருந்தவன் எவனும் இந்த முடிவை நம்ப மாட்டான்.’

முத்துக்குமரேசன் அதைக் குழுவில் போட்டான். ஒரு மணி நேரத்தில் மைதீன் பாய் போன் செய்தார். மேலப்பாளையத்துக்காரர், எண்பது வயது, அந்தக் காலத்தில் இங்கிலீஷ் படம் ஒன்று விடமாட்டார்.

“சரியா எழுதியிருக்கீரு வே,” என்றார். “அவன் எங்க வந்தான்? நான் மூணு தடவ பாத்தேன். தொப்பி விழும், லைட்டப் போட்டுருவான். நம்ம ஊர்ல பாத்தவன் எவன்ட்டயும் கேளும்.”

இன்னும் இரண்டு பேர் அதையே எழுதியிருந்தார்கள். சாட்சிக்கு ஆள் கிடைத்தால் மனசுக்குத் தெம்புதான். ராத்திரிச் சாப்பாட்டில் ஒரு தோசை கூடுதலாகச் சாப்பிட்டேன்.

செப்டம்பர் 8, ஞாயிறு

ரூபி கோவிலுக்குப் போகவில்லை. படி தெரியவில்லை என்றாள். பொழுது போகாமல், “அது என்ன படம், எல்லாரும் போன் பண்ணுதாங்க?” என்று கேட்டாள். கீரை ஆய்ந்துகொண்டே கதை சொன்னேன். கிணறு, கால், குதிரை எல்லாம் சொல்லி, கடைசியில் தொப்பி விழுந்தது என்று முடித்தேன்.

“இல்லியே,” என்றாள். “அவன் திரும்பி வருவாம்லா.”

“அது புதுப் படம்.”

“புதுப் படம் நான் எங்க பாத்தேன்? நீங்கதான் சொன்னீங்க. கல்யாணம் ஆன புதுசு. மொத நாளு ஓட்டிட்டு வந்து, சோத்துல கை வைக்காம உக்காந்து சொன்னீங்க. அவன் வந்து நிப்பான், இவன் ஒண்ணுமே பேசமாட்டான், கெடந்த வாளிய மட்டும் நல்ல கால வச்சி அவன் பக்கம் தள்ளுவான்னு. சோத்துக் கிண்ணத்தக் கால வச்சித் தள்ளிக் காமிச்சீங்க.”

“நானா?”

“பின்ன? எங்கம்மைட்ட சொல்லி அழுதேன், சோத்துக் கிண்ணத்தக் காலால தள்ளுற ஆளுக்குக் கட்டி வச்சிட்டீங்களேன்னு. அத மறப்பேனா?”

வேறு ஏதோ படம் என்றேன். ஐம்பத்திரண்டு வருடத்தில் அவளுக்கு மங்கியது கண் மட்டும் இல்லை என்றும் சொன்னேன். அது சொல்லியிருக்கக் கூடாது. அவள் கீரைத் தண்டை ஒடித்துக்கொண்டே இருந்தாள்.

செப்டம்பர் 9, திங்கள்

மளிகைச் சாமான் வாங்கப் போய், உப்பை மறந்து, உப்பு வாங்கப் போய்ச் சீட்டை மறந்து வந்தேன். ஒரு கிண்ணத்தைத் தரையில் வைத்துக் காலால் தள்ளிப் பார்த்தேன். ரூபிக்குத் தெரியாது.

செப்டம்பர் 10, செவ்வாய்

டிஸ்க் வந்துவிட்டது. காலை பத்து மணிக்கு முத்துக்குமரேசன் வீட்டுக்குப் போனேன். கடைசி ரீலை மட்டும் போடச் சொன்னேன்.

ஹார்லன் சாய்ந்திருக்கிறான். தூரத்தைப் பார்க்கிறான். தொப்பி நழுவுகிறது. நான் எழுந்துவிட்டேன். கை தானாக லைட் சுவிட்சைத் தேடியது.

படம் நிற்கவில்லை. தொப்பி மண்ணில் கிடக்கிறது. ஒரு நிழல் அதன் மேல் வருகிறது. வேட். குதிரை இல்லை, நடந்து வந்திருக்கிறான். பூட்ஸ் கிழிந்திருக்கிறது. ஹார்லன் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். மூன்று நிமிடத்துக்கும் மேல் ஒருவரும் பேசவில்லை, சங்கீதமும் இல்லை. காற்று மட்டும். அப்புறம் ஹார்லன் நல்ல காலை நீட்டி, வாளியைக் கொஞ்சம், மிகக் கொஞ்சம், அவன் பக்கம் தள்ளுகிறான். வேட் குனிந்து குடிக்கிறான். முடிந்தது.

“பரவால்ல அண்ணாச்சி,” என்றான் முத்துக்குமரேசன். “அம்பது வருசம் ஆச்சுல்லா. கட்டுரையில ஒரு வரிய மாத்திருவோம்.”

“ஒரு வரி இல்ல,” என்றேன். வெளியே வந்து எந்தப் பக்கம் நடக்கிறேன் என்று தெரியாமல் மார்க்கெட் வரை போய்விட்டேன். அங்கே முருங்கைக்காய்க் கடை முன்னால் நின்றபோது எல்லாம் வந்தது.

முதல் நாள் மூன்று காட்சி. கூட்டம் தாங்கவில்லை. மறுநாள் முதல் நான்கு காட்சி என்றார் மேனேஜர். ஒரு காட்சிக்கும் அடுத்ததற்கும் நடுவில் கூட்டத்தை வெளியேற்ற நேரம் போதவில்லை. “கடைசில ரெண்டு பேரும் சும்மாதான நிக்கானுவ, அத எடுத்துரு தங்கையா,” என்றார். அப்போதெல்லாம் இது நடக்கிற காரியம்தான். பாட்டை எடுப்போம், சண்டையை எடுப்போம், கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டால் ஒரு ரீலையே விழுங்குவோம். நான் பிளேடை எடுத்து, தொப்பி விழுகிற இடத்தில் வெட்டினேன். நான்கு நிமிடம், முந்நூற்று அறுபது அடி. முடிவு என்று எழுத்து வருகிற துண்டை அங்கே கொண்டுவந்து ஒட்டினேன். பிறகு எண்பது காட்சி அப்படியே ஓட்டினேன். மூன்று தடவை பார்த்தது போய்விட்டது, எண்பது தடவை பார்த்தது நின்றுவிட்டது.

மைதீன் பாயும் மற்ற இரண்டு பேரும் பார்த்தது என் கைவேலையை. இந்த ஊரே அதைத்தான் பார்த்திருக்கிறது. படப்பெட்டியைத் திருப்பி அனுப்பும்போது வெட்டிய துண்டை ஒட்டி அனுப்பினேனா என்று நினைவில்லை. ஒட்டியிருப்பேன். ஒட்டியிருக்க வேண்டும்.

முருங்கைக்காய் வாங்கவில்லை.

செப்டம்பர் 11, புதன்

நாளை ஆபரேஷன். இன்று சர்க்கரை நூற்று அறுபது. பரவாயில்லை என்றார்கள்.

எழுதிவிடுகிறேன். இந்த நோட்டை யாரும் படிக்கப் போவதில்லை. படித்தாலும் படிக்கட்டும்.

2007, மார்ச் மாதம், ஞாயிற்றுக்கிழமை. ரூபி கோவிலில் ஆராதனை முடிந்து பெண்கள் ஐக்கியக் கூட்டத்துக்கு இருந்துவிட்டாள். நான் முன்னறையில் டிவி பார்த்துக்கொண்டிருந்தேன். கேட் சத்தம் கேட்டது. ஜன்னல் திரைக்குப் பின்னால் இருந்து பார்த்தேன். சுகந்தி. இடுப்பில் ஒரு குழந்தை. இளைத்திருந்தாள். கேட்டுக்குள் வரவில்லை, வெளியே நின்று “அப்பா” என்றாள்.

எழுந்திருக்கத்தான் நினைத்தேன். இதைச் சத்தியமாகச் சொல்கிறேன். ஆனால் அவள் இன்னொரு தடவை கூப்பிடட்டும் என்று தோன்றியது. ஒரு வார்த்தை சொல்லாமல் போனவள் இரண்டு தடவை கூப்பிட்டால் என்ன. ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் கூட்டினேன். அவள் இரண்டாவது தடவையும் கூப்பிட்டாள். மூன்றாவது தடவைக்காகக் காத்திருந்தேன். பிறகு பார்த்தால் கேட்டில் ஒரு துணிப்பை தொங்குகிறது, தெரு காலி.

பைக்குள் அந்த டிபன் பாக்ஸ். நிறையத் தூத்துக்குடி மக்ரூன். ரூபிக்கு மக்ரூன் என்றால் உயிர். நான் பையைக் கொண்டுபோய்ப் பரண்மேல், பழைய மின்விசிறிக்குப் பின்னால் வைத்தேன். ஒன்றரை மணிக்கு ரூபி வந்து, “யாரும் வந்தாங்களா?” என்று கேட்டாள். அந்த மாதம் முழுக்க ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள். “இல்ல,” என்றேன்.

முதல் தடவை சொன்னபோது பொய் என்று தெரிந்தது. பத்துத் தடவை சொன்ன பிறகு அது பொய்யாகவே தோன்றவில்லை. பிறகு கோபம்கூட வந்தது, பாரேன், ஒரு தடவையாவது வந்தாளா என்று. நிஜமாகவே வந்தது அந்தக் கோபம்.

செப்டம்பர் 12, வியாழன்

காலை எட்டு மணிக்கு உள்ளே போனவளை ஒன்பதரைக்கு வெளியே கொண்டுவந்தார்கள். வலது கண்ணில் பிளாஸ்திரி, அதன்மேல் ஓட்டை ஓட்டையாக ஒரு மூடி. நாளைக் காலை எடுப்பார்கள். குனியக் கூடாது, இருமக் கூடாது, கண்ணைத் தேய்க்கக் கூடாது. நாளை முதல் ஒரு நாளைக்கு ஆறு தடவை சொட்டு மருந்து.

நான்கு மணிக்குப் பரணில் ஏறினேன். எழுபத்தாறு வயதில் ஸ்டூல் போட்டு ஏறினேன். மின்விசிறிக்குப் பின்னால் டப்பா அப்படியே இருந்தது.

டப்பாவை அலசித் துடைத்து ரூபியின் மடியில் வைத்தேன். ஒன்றும் சொல்லவில்லை. அவள் என்ன ஏது என்று கையால் தடவினாள். மூடிக்கு வந்ததும் விரல் நின்றது. ஆள்காட்டி விரலை அந்தப் புள்ளிகள் மேல் மெதுவாக, முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை கொண்டுபோனாள். பிறகு மறுபடியும் முதலிலிருந்து.

எங்கே கிடைத்தது என்று கேட்பாள் என்று நினைத்தேன்.

“எப்ப வந்தா?” என்று கேட்டாள்.

சொன்னேன். மாதம், நேரம், குழந்தை, இரண்டு தடவை கூப்பிட்டது, டிவி, எல்லாம். அழுதுகொண்டே சொன்னேன். அவள் அழக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருப்பது பாதியில்தான் நினைவு வந்தது. அவள் அழவில்லை.

“உள்ள என்ன வச்சிருந்தா?”

“மக்ரூன்.”

“என்ன பண்ணீங்க?”

“நானே தின்னுட்டேன். மூணு நாள்ல.”

டப்பாவைத் திறந்தாள், மூடினாள்.

“எனக்கு ஒண்ணுகூட வைக்கலியா,” என்றாள்.

செப்டம்பர் 13, வெள்ளி

பிளாஸ்திரியை எடுத்தார்கள். நன்றாகத் தெரிகிறது என்று டாக்டரிடம் சொன்னாள். என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை.

சொட்டு மருந்து ஆறு தடவை போட்டேன். தலையைச் சாய்க்கிறாள், நான் இமையை விலக்குகிறேன், மருந்து விழுகிறது, முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள்.

செப்டம்பர் 14, சனி

ஆறு தடவை. பேச்சு இல்லை.

செப்டம்பர் 15, ஞாயிறு

இரண்டு மணிக்கு நான் சட்டை மாட்டும்போது ரூபி கறுப்புக் கண்ணாடியோடு வாசலில் நின்றாள். “நானும் வாரேன். அந்த வாளியப் பாக்கணும்,” என்றாள். மூன்று நாளில் முதல் பேச்சு.

படம் போடுவதற்கு முன்னால் நான் எழுந்து பேசினேன். கட்டுரையில் கடைசிப் பத்தி முழுக்கத் தவறு, அந்த முடிவு படம் எடுத்தவருடையது இல்லை, என்னுடையது என்றேன். நெஞ்சில் உரம் என்று எழுதியிருந்தேன், அது நேரம் போதாமல் வெட்டியது என்றேன். சிரித்தார்கள். மைதீன் பாய் பின் வரிசையிலிருந்து, “அப்ப அம்பது வருசமா அந்தக் கால் ஒடிஞ்சவன அனாதையா உக்கார வச்சிட்டீரே வே,” என்றார். அதற்கும் சிரித்தார்கள்.

ஒப்பீடு என்று கேட்டதால் இதையும் சொன்னேன்: இரண்டு படத்திலும் போனவன் திரும்பி வருகிறான். புதியதில் வந்தவனை ஓடிப்போய்க் கட்டிப்பிடிக்கிறார்கள், அது சுலபம். பழையதில் உட்கார்ந்திருப்பவன் ஒரு காலை நீட்ட மூன்று நிமிடத்துக்கு மேல் ஆகிறது. அதுதான் கஷ்டம். சிலருக்கு அதற்குமேலும் ஆகும் என்று சொல்ல வந்தேன், சொல்லாமல் உட்கார்ந்துவிட்டேன்.

வாளி வந்தபோது ரூபி கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தாள். மாட்டு என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

வீட்டுக்கு வரும்போது சொன்னாள். “அடுத்த ஞாயித்துக்கெழம தூத்துக்குடி போவோம். நான் கூப்பிட மாட்டேன். நீங்கதான் கூப்பிடணும்.”

செப்டம்பர் 19, வியாழன்

சோதனைக்குப் போனோம். பஸ்ஸில் போகலாம், தூசி படாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்கள். இனி நான்கு சொட்டு போதும்.

செப்டம்பர் 21, சனி

ரூபி அடுப்புப் பக்கம் வரக் கூடாது. அவள் அறையில் இருந்து சொல்லச் சொல்ல நான் முந்திரிக்கொத்து செய்தேன். பாசிப்பயறு வறுத்தது கருகிவிட்டது. பாகு கெட்டிப்பட்டுவிட்டது. உருண்டைகளைச் சுவரில் எறிந்தால் சுவர்தான் பெயரும். இருபத்திரண்டு வந்தது. டிபன் பாக்ஸில் பதினாறு பிடித்தது. மிச்சத்தில் ஒன்றைக் கடித்துப் பார்த்து, “பரவால்ல,” என்றாள் ரூபி. அவளுக்குப் பல் நன்றாக இருக்கிறது.

நாளை என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று யோசித்தேன். பேர் சொன்னால் போதும்.

செப்டம்பர் 22, ஞாயிறு

எட்டு மணி பஸ். ஜன்னலை மூடி, ரூபி தலையில் முக்காடு போட்டுக்கொண்டாள். நான் மூன்று தடவை டப்பா மூடியை அழுத்திப் பார்த்தேன். வாகைக்குளம் தாண்டியதும் இறங்கிவிடலாமா என்று இருந்தது. சொல்லவில்லை. ஆனால் அவள் என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

டூவிபுரத்தில் வீட்டைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. ரூபி பதினேழு வருடத்துக்கு முன்னால் கடிதம் எழுதிய அதே நம்பர். வாசலில் ஒரு பைக், கொடியில் ஒரு காலேஜ் பையன் சட்டை. இடுப்பில் இருந்த அந்தக் குழந்தையாக இருக்கும். உள்ளே டிவி ஓடிக்கொண்டிருந்தது.

ரூபி ஐந்தாறு அடி தள்ளி, வேப்பமர நிழலில் நின்றுகொண்டாள். நான் கேட்டுக்கு வெளியே நின்றேன். கேட்டைத் தட்டவில்லை.

“சுகந்தி,” என்றேன்.

ஜன்னல் திரை கொஞ்சம் விலகியது. யாரோ பார்க்கிறார்கள். திரை மறுபடி மூடிக்கொண்டது. கதவு திறக்கவில்லை. உள்ளே டிவி சத்தம் கூடியது.

அந்தச் சத்தம் என்ன என்று எனக்குத் தெரியாதா. உட்காரவும் முடியாமல் எழுந்திருக்கவும் முடியாமல் ரிமோட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிற கையும் எனக்குத் தெரியும். திரும்பி ரூபியைப் பார்த்தேன். அவள் போய்விடலாம் என்றும் சொல்லவில்லை, இரு என்றும் சொல்லவில்லை. டப்பாவைக் கேட்டில் தொங்கவிட்டுவிட்டு வரலாம் என்று தோன்றியது. தொங்கவிடவில்லை. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். வெயில் ஏறிவிட்டது. மூன்று நிமிடம் நின்றிருப்பேன், நான்கு நிமிடம்கூட இருக்கும்.

“சுகந்தி,” என்று இரண்டாவது தடவை கூப்பிட்டேன். “அப்பா வந்திருக்கேம்மா,” என்று மூன்றாவது தடவையும் கூப்பிட்டேன்.

உள்ளே டிவி சத்தம் குறைந்தது.